தாரில் நடந்தவள்

வண்டிப்பேட்டைத் தெருவுக்குத் தார் போட்ட ஆறாம் நாள் அமாவாசை வந்தது. அன்றைக்குக் காலையில்தான் மாதம்மாள் தன் முதல் அடியை எடுத்து வைத்தாள். அவள் செத்தும் அப்போது ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த தார் போடும் கூட்டத்தில் அவள் ஒருத்தி. தெருவின் மேல்முனையில் நிற்கும் புங்கமரத்தில் சேலையைத் தூளியாகக் கட்டிக் கைக்குழந்தையை அதில் போட்டுவிட்டு, காலில் சாக்கைச் சுற்றி, அதன்மேல் பழைய லாரி டயரில் வெட்டிய செருப்பை மாட்டிக்கொண்டு, கொதிக்கும் ஜல்லியைத் தலையில் சுமந்து கொட்டிக்கொண்டிருந்தாள். மேலே சித்திரை வெயில், கீழே தாரின் சூடு, நடுவில் அவள். டிரான்ஸ்பார்மர் பக்கம் வரும்போது குழந்தை அழுவது கேட்டது. சட்டியை இறக்கி வைத்தாள், அப்போதுதான் பரப்பிய தாரின்மேல் மரத்தைப் பார்த்து இரண்டு அடி வைத்தாள், விழுந்தாள். ஆம்புலன்ஸ் வந்து அவளை ஏற்றிப் போனது. அவள் திரும்பி வரவில்லை. வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று என இரண்டு தடம் மட்டும் தாரில் பதிந்து கிடந்தன. ரோலர் ஓட்டியவன் இறங்கி வந்து தடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அதன்மேல் ஏற்றாமல் ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

அமாவாசைக் காலையில், பின்னால் இருந்த வலது அடி இடது அடியைத் தாண்டி முன்னால் கிடந்தது. அது முன்பிருந்த இடத்தில் தார் மூடிச் சமமாகியிருந்தது. பால்காரர்தான் முதலில் பார்த்தார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், பிறகு சுற்றிக்கொண்டு போய் வீடு வீடாகப் பால் ஊற்றினார், வெயில் ஏறினால் பால் திரிந்துவிடுமே. அடுத்த அமாவாசைக்கு இடது அடி முன்னால் வந்தது. அதற்கடுத்த அமாவாசைக்குள் தெருவுக்குப் பழகிப்போயிற்று. பிள்ளையை விட்டுப் போனவள் பிள்ளையிடம் போகிறாள், இதில் கேட்க என்ன இருக்கிறது, மாதத்துக்கு ஓர் அடிதான் அவளுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அப்படியே ஏழு வருஷம் ஓடியது. ஆட்டோக்காரர்கள் அந்த இடம் வந்தால் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போனார்கள். கல்யாண ஊர்வலம் வந்தால் மேளக்காரர்கள் தடத்துக்கு இரண்டு பக்கமும் பிரிந்து மறுபடி சேர்ந்து நடந்தார்கள். தெருவில் வருஷக் கணக்கே மாறிப்போனது: மாதம்மா மளிகைக்கடையைத் தாண்டின வருஷம்தான் எங்க மாமனார் தவறினார், மாதம்மா தையல்கடைக்கு நேரே வந்த ஐப்பசியில்தான் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது என்று சொன்னால்தான் ஆட்களுக்கு நினைவு வந்தது. நகராட்சியின் இளநிலைப் பொறியாளர் பர்வீன், ஒரு மழைக்காலத்தில் குழிகளைக் கணக்கெடுக்க வந்து, ஸ்கேலை வைத்து அளந்து, மறுமாதம் வந்து மறுபடி அளந்து, கோப்பில் ‘சாலை மேற்பரப்புக் குறை, எண் பதினான்கு, இடம் மாறும் தன்மையது, சரிசெய்யத் தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு யாருக்கும் எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. புங்கமரத்தைச் சுற்றி மேடை கட்டினார்கள், மஞ்சள் துணி சுற்றினார்கள், அவள் வந்து சேரும்போது உட்காரட்டும் என்று ஒரு கல்லும் போட்டு வைத்தார்கள்.

மரத்துக்குச் சற்று முன்னால், எதிர்ச்சாரியில் இருந்தது தவமணியின் வீடு. அவள் புருஷன் காத்தமுத்துவுக்குத் தெருமுனையில் பஞ்சர் கடை. பேரிலேயே காற்றை வைத்துக்கொண்டு பிறந்தவன் வேறென்ன தொழில் செய்வான் என்று தெருவில் கிண்டல் உண்டு. தடத்தைப் பார்த்ததும் அது லாரியின் பின்சக்கர டயர் என்றும், இடது செருப்பின் வாரில் மூன்று ஆணி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறது என்றும் கண்டு சொன்னவன் அவன்தான். கல்யாணமாகிப் பதினொரு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்த வீடு அது. மாதம்மாளை ஆம்புலன்ஸில் ஏற்றிய மத்தியானம், கூட்டத்தின் மேஸ்திரி தூளியிலிருந்த குழந்தையைச் சேலையோடு அவிழ்த்துக் கொண்டுவந்து, எதிரே வாசலில் நின்ற தவமணியிடம் நீட்டினார்.

“ரெண்டு நாளு வச்சிருங்கம்மா. சொந்தக்காரங்க யாரையாச்சும் தேடிக் கூட்டியாந்துடறேன்.”

யாரும் வரவில்லை. குழந்தையின் அப்பன் அது வயிற்றில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டான் என்றும், மாதம்மாளுக்கு வேறு ஆளில்லை என்றும் மேஸ்திரி போனில் சொன்னார். குழந்தையின் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. அவள் அதைச் சாமி, சாமி என்றுதான் கூப்பிடுவாளாம். தவமணியும் காத்தமுத்துவும் இரண்டு வருஷம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, எல்லாக் கையெழுத்தும் வாங்கி, தேன்மொழி என்று பெயர் வைத்துத் தங்கள் பிள்ளையாக்கிக்கொண்டார்கள்.

தவமணிக்கு அந்தக் குழந்தைமேல் உயிர். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஒருத்தி செத்த அன்றைக்குத் தான் தாயானோம் என்பது அவளுக்கு ஒருநாளும் மறந்ததில்லை. அந்த ஒருத்தி மாதத்துக்கு ஓர் அடியாகத் தன் வாசல் பக்கம் வந்துகொண்டிருக்கிறாள் என்பதும் மறந்ததில்லை. தெரு முழுக்க இன்னும் எத்தனை அமாவாசை என்று ஆசையோடு எண்ணியபோது, தவமணியும் எண்ணினாள், பயத்தோடு எண்ணினாள். வருகிறவள் சும்மா பார்த்துவிட்டுப் போகவா வருவாள்? பெற்றவள். கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும்?

ஒரே ஒருமுறை மாதம்மாள் நின்றுபோனதுண்டு. ஏதோ ஒரு போன் கம்பெனிக்காரர்கள் கேபிளுக்காகத் தையல்கடை அருகே குறுக்கே வெட்டி, சிமெண்டைக் குழைத்துப் பூசிவிட்டுப் போனார்கள். நான்கு அமாவாசை, தடம் அந்தச் சிமெண்டுக்கு முன்னால் நின்ற இடத்திலேயே நின்றது. தார் இல்லாத இடத்தில் அவளுக்குக் கால் பாவாது என்று அப்போதுதான் புரிந்தது. தெருக்காரர்கள் கடப்பாரையால் சிமெண்டைப் பெயர்த்தெடுத்து, பர்வீனிடம் கெஞ்சி இரண்டு சட்டித் தார் வாங்கி நிரப்பிய பிறகுதான் அவள் அடுத்த அடி வைத்தாள். அந்த நான்கு மாதம் தவமணி நிம்மதியாகத் தூங்கினாள். தூங்கியதற்காகப் பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஏழாம் வருஷம் மாசி அமாவாசையன்று வாசல் பெருக்கப் போனவள் தடத்தைப் பார்த்துவிட்டு விளக்குமாற்றோடு அப்படியே குந்திவிட்டாள். புங்கமரத்தைப் பார்த்திருந்த பெருவிரல் பக்கம், ஒரு விரற்கடை அளவு, அவள் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வேறு யாருக்கும் அது தெரியவில்லை. பயந்தவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும் அளவு அது. பங்குனியில் இன்னொரு விரற்கடை. அமாவாசையன்றைக்குக் கோலம் போடுவதில்லை என்பதால் அன்று ஒருநாள் சும்மா இருந்துவிட்டு, மறுநாள் விடியலிலேயே போய்த் தடத்தைச் சுற்றித் தாமரைக் கோலம் போட்டாள்; இதழ்களின் நுனியெல்லாம் மரத்தைப் பார்க்கிற மாதிரி, விரல்பக்கத் திருப்பம் மாவுக்குள் மறைகிற மாதிரி போட்டாள். தினம் போட்டாள். தவமணிக்கு எவ்வளவு பக்தி பாரு என்று தெரு மெச்சியது, அவளும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனாள்.

அந்தச் சித்திரையில்தான் பாதாளச் சாக்கடை வேலை வந்தது.

பன்னிரண்டு அடி ஆழம் தோண்ட வேண்டும். ரப்பர்ச் சக்கர வண்டியின் கை அவ்வளவு ஆழம் எட்டாது, இரும்புச் செயினில் ஊரும் பெரிய பொக்லைன்தான் வர வேண்டும் என்று பர்வீன் டிரான்ஸ்பார்மர் அடியில் கூட்டம் போட்டுச் சொன்னார். பொக்லைன் என்றதும் தெரு கொதித்தது. பக்கத்துத் தெருவில் அது நடந்த லட்சணத்தை எல்லோரும் பார்த்திருந்தார்கள்: செயின் கட்டைகள் வரிவரியாகக் கடித்து, திரும்பின இடத்திலெல்லாம் தார் பாளம் பாளமாகப் பெயர்ந்து, அந்தத் தெரு உழுத வயலாகக் கிடந்தது. எல்லா வேலையும் முடிந்தால்தான் புதுத் தார், அதற்கு எத்தனை வருஷமோ யாருக்குத் தெரியும்.

“நம்ம தெருவுல அப்படி நடக்காது,” என்றார் பர்வீன். “குழாய் போற அகலத்துக்கு மட்டும் கட்டர் வச்சு அறுத்துட்டுத்தான் தோண்டணும். மண்ணைத் தார் மேல கொட்டக் கூடாது. தோண்டுற பக்கெட்டைத் தரையில இழுக்கக் கூடாது. செயின் ஒரு எடத்துலகூடத் தாரைத் தொடக் கூடாது, டயர் மேலதான் நடக்கணும். காலையில ஒன்பது மணிக்குள்ள நடத்திடணும், அதுக்கு மேல வெயில்ல தார் இளகிடும். எழுதியே குடுத்திருக்கேன்.”

பொக்லைன் ஓட்டுகிற ஜெயசீலன் ஆத்தூர்க்காரன், கறாரான ஆள். “டயருக்கு எங்கங்க போறது?” என்று கேட்டான். எல்லோரும் காத்தமுத்துவைப் பார்த்தார்கள். அவன் கடைக்குப் பின்னால் பதினைந்து வருஷமாகக் குவிந்து கிடந்த, எப்போது ஒழிப்பாய் என்று தவமணி சண்டை போட்டுக்கொண்டிருந்த, நாற்பத்தாறு லாரி டயர்கள் அன்றைக்குத்தான் தெருவின் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தன.

அப்படியாகப் பொக்லைன் வண்டிப்பேட்டைத் தெருவுக்குள் வந்தது. இரண்டு செயினுக்கும் கீழே இரண்டு வரிசை டயர். அது ஏறி நடக்க நடக்க, பின்னால் விடுபட்ட டயரை ஆட்கள் தூக்கி ஓடி முன்னால் போட, மறுபடி அது ஏற, மறுபடி இவர்கள் ஓட, ஒரு யானையைப் பாயில் நடத்துவது போல அதை நடத்தினார்கள். மாதம்மாளின் தடம் வந்தபோது ஜெயசீலன் இறங்கி வந்து பார்த்தான், மறுபடி ஏறி இரண்டு செயினுக்கும் நடுவில் தடம் வருமாறு நிதானமாகச் செலுத்தினான். அந்த இரும்பு வயிறு தடத்தைத் தொடாமல் அதன்மேல் கடந்துபோனது. மேல்முனையில் மூன்று நாள் தோண்டிக் குழாய் இறக்கி மூடினார்கள். குழாய்க்கு அறுத்த இடம் தவிர, தாரில் ஒரு கீறல் விழவில்லை.

அடுத்த குழி தவமணி வீட்டை ஒட்டிய சந்துக்குள். அங்கேதான் சிக்கல் வந்தது. ஜெயசீலன் ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னான்:

“நேரா நடந்தா டயர் தாங்குங்க. திரும்பினா டயரையெல்லாம் துப்பிடும், செயின் நேரா தாருக்குத்தான் போகும். சந்துக்குள்ள நுழையணும்னா ஒரு எடத்துல திரும்பித்தான் ஆகணும். அந்த எடம் பேந்துதான் போகும், அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

பர்வீன் சுற்றிப் பார்த்தார். தெரு நடுவில் தடம். தடத்திலிருந்து மரம்வரை மாதம்மாளின் பாதை, அதைத் தொடக் கூடாது. மிச்சம் இருந்தது எதிர்ப்பக்கம், தவமணியின் வாசலுக்கு முன்னால் உள்ள இடம். ரோடு போடப் போட உயர்ந்து, அந்த வீட்டின் முதல் படியையே விழுங்கி, இரண்டாம் படியின் ஓரம்வரை தார் வந்து முட்டிக்கொண்டிருந்தது.

“இங்க திருப்பிக்கலாம். மாதம்மா இந்தப் பக்கம் வரப்போறதில்ல. தவமணி அக்கா, உங்க வாசல்தான். பேந்த எடத்துல ஜல்லியைப் போட்டு மட்டமாக்கிக் குடுத்துடறோம். உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?”

தெரு முழுக்க அவளைப் பார்த்தது. தடுக்க ஒரே ஒரு சொல் போதும். ஆனால் அவள் ஒன்றும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஒன்றையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை, சும்மா இருந்தால் போதும் என்று அந்த நேரம் அமைந்திருந்தது; நாளைக் காலை பொக்லைன் ஒரு முறை திரும்பும், தார் பெயரும், தடத்துக்கும் தன் வாசலுக்கும் நடுவில் வெறும் ஜல்லி கிடக்கும், மாதம்மாள் அங்கேயே நிற்பாள், தேன்மொழி இங்கேயே இருப்பாள்.

“எனக்கென்ன,” என்றாள் தவமணி. “திருப்பிக்கங்க.”

திங்கட்கிழமை காலை தேன்மொழிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மறுநாள் செவ்வாய் அமாவாசை. வெளியே பொக்லைன் உறுமத் தொடங்கியிருந்தது. குழந்தைக்கு எல்லாக் கதையும் தெரியும். தெருவே சொல்லி வளர்த்த பிள்ளை. ஒவ்வொரு அமாவாசையும் தடத்துக்குள் தன் காலை வைத்துப் பார்த்து, இன்னும் பத்தல என்று சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகும்.

“அம்மா,” என்றது.

“தலையை ஆட்டாத. சொல்லு.”

“மாதம்மாம்மா மரத்துக்குப் போயி யாரைத் தேடும்? நான் இன்னுமா தூளியில கெடக்கேன்?”

தவமணி கையில் ரிப்பன் நின்றது.

“நான் இங்க இருக்கேன்னு அதுக்குத் தெரியுமாம்மா? யாராவது சொன்னாங்களா?”

எட்டு வயசுப் பிள்ளை சும்மா கேட்டதுதான். யாரும் சொல்லவில்லை. ஏழு வருஷமாக ஒருத்தர்கூட மாதம்மாளிடம் சொல்லவில்லை; பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று அவளே, ஓர் அடி ஓர் அடியாக வரும் வழியில் தேடிக் கண்டுபிடித்துத் திரும்பியிருக்கிறாள், நான் மாவைப் போட்டு மூடியிருக்கிறேன். ஒரு ஜடையோடு பிள்ளையை விட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

பொக்லைன் டயர் வரிசைமேல் அவள் வாசலுக்கு நேரே வந்து நின்றிருந்தது. ஜெயசீலன் ஒரு செயினைப் பூட்டி மறு செயினை ஓடவிட்டான். ஒரு டயர் எகிறித் தெருவோரம் விழுந்து உருண்டது, செயினின் இரும்பு தாரைத் தொட ஒரு சாண்தான் இருந்தது.

“நிறுத்துங்க! நிறுத்துங்கய்யா!”

இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பொக்லைன் முன்னால் நின்றாள். ஜெயசீலன் இன்ஜினை அணைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினான். “ஏங்க, சாகணுமா உங்களுக்கு? நேத்துத்தான சரின்னீங்க?”

“இங்க திருப்பாதீங்க. அவ மரத்துக்குப் போகல. எங்க வீட்டுக்குத்தான் வர்றா.”

பர்வீன் வந்தார். காத்தமுத்து கையில் டயரோடு அப்படியே நின்றான். தவமணிக்கு அழுகை வரவில்லை. மூச்சு வாங்கியது, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“மாசியிலயே திரும்பிட்டா. நான்தான் பார்த்தேன். கோலத்தைப் போட்டு மறைச்சுட்டேன். பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடுவாளோன்னு பயந்துட்டேன். எல்லாரும் பக்தின்னீங்களே, அது பயம்.”

யாராவது திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் திட்டவில்லை. தையல்கடை ரெஜினா ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பர்வீன் தடத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, மெதுவாக ஊற்றிக் கோலத்தைக் கழுவிவிட்டு, ஸ்கேலைத் தடத்தின் நீளத்துக்கு வைத்து, அதன் நுனிக்கு நேராக ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஸ்கேல் தவமணியின் வாசற்படியைக் காட்டியது. தெரு முழுக்க ஒவ்வொருவராகக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, அந்தப் படியைப் பார்த்தார்கள். ஏழு வருஷமாகத் தாங்கள் கட்டிய மேடையும் மஞ்சள் துணியும் போட்ட கல்லும் வீண் என்று அவர்களுக்கு அப்போது புரிந்தது. எட்டு வயசுப் பிள்ளையை ஒருத்தி மரத்தில் வந்து தேடுவாள் என்று நினைத்ததற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள்.

“அப்ப திருப்ப முடியாது,” என்றான் ஜெயசீலன். “வந்த வழியே ரிவர்ஸ்ல மெயின்ரோடு வரைக்கும் போயி, வாய்க்கால் மேட்டு மண்பாதையில சுத்தி, சந்துக்கு அந்தப் பக்கமா நுழையணும். அறுநூறு அடி. மணி ஏழரை. இந்த டயரை மட்டும் மாத்தி மாத்திப் போட்டா பத்தரை ஆயிடும், அதுக்குள்ள தார் கொழகொழன்னு ஆயிடும்.”

“டயர் இன்னும் வேணும், அவ்வளவுதானே?” என்றான் காத்தமுத்து. பெண்டாட்டியிடம் கேட்க வேண்டியதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று அந்த முகம் சொன்னது.

டயர் கிடைக்கவில்லை. மற்றதெல்லாம் கிடைத்தது. மளிகைக்கடைச் சாக்குகள் வந்தன. ஆட்டோக்காரர்கள் ஸ்டெப்னியைக் கழற்றிக் கொடுத்தார்கள். மாவு மில்லிலிருந்து பழைய ரப்பர் பெல்ட் வந்தது. ரெஜினா வெட்டுத்துணி மூட்டைகளை உருட்டிவிட்டாள். கல்யாண மண்டபத்துக் கயிற்றுப் பாய்கள், போன தேர்தலின் ஃப்ளெக்ஸ் சட்டங்கள், படுத்துப் படுத்துப் பள்ளம் விழுந்த இலவம்பஞ்சு மெத்தைகள், ஒரு வீட்டின் கழற்றிய பழைய கதவு என்று எல்லாம் தெருவில் விரிந்தன. ஃப்ளெக்ஸில் இருந்த கட்சிக்காரர்கள் சிரித்த முகத்தோடு பொக்லைனுக்கு அடியில் படுத்துக்கிடந்தார்கள், அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. டயர்களைப் பெரியவர்கள் தூக்கினார்கள், சாக்குகளைப் பெண்கள் இழுத்தார்கள், பொக்லைன் பின்பக்கமாக ஊர்ந்தது.

தடத்தருகே வரும்போது தவமணி வீட்டுக்குள் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியில் ஏழு வருஷமாக மடித்துக் கிடந்தது அந்தத் தூளிச் சேலை, ஊதா நிறம், ஓரத்தில் தார்ப் பொட்டுகள். வெளியே வந்து அதை எட்டாக மடித்துத் தடத்தின்மேல் விரித்தாள். விரித்துவிட்டு உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினாள். “வந்துடு,” என்று சொன்னாள், பக்கத்தில் இருந்த ரெஜினாவுக்கு மட்டும் கேட்டது. பொக்லைன் கடந்து போனது. ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அது மெயின்ரோட்டில் இறங்கியது. தெரு மொத்தமும் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டே கீழ்முனையிலிருந்து மேல்முனைவரை நடந்து வந்தது. ஒரு கீறல் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை இடது அடி முன்னால் வந்திருந்தது. தவமணியின் படிக்கு நேராக, இன்னும் ஓர் அடி தூரத்தில்.

அடுத்த அமாவாசைக்கு இருந்த இருபத்தொன்பது நாளில் தவமணி வீட்டுக்கு வெள்ளையடித்தாள். பாத்திரம் எல்லாம் விளக்கினாள். பிள்ளைக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தாள், பிள்ளை சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி வாரம் ஒரு துணிப்பையை எடுத்து, அதில் இரண்டு பாவாடை சட்டை, சீப்பு, ரிப்பன், தேன்மொழி இல்லாமல் தூங்காத சின்னத் தலையணை எல்லாம் வைத்துக் கட்டினாள். செத்தவள் கூட்டிப் போகிற இடத்தில் பாவாடை எதற்கு என்று அவள் யோசிக்கவில்லை. காத்தமுத்து அந்தப் பையைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனான், அன்றைக்கு ஒரு பஞ்சரைக்கூட அவனால் ஒழுங்காக ஒட்ட முடியவில்லை.

வைகாசி அமாவாசை விடிந்தது. தவமணி கதவைத் திறந்தாள், விளக்குமாறு எடுக்கவில்லை.

படியை ஒட்டி, தாரின் கடைசி விளிம்பில், இந்த முறை ஒன்றல்ல, இரண்டு தடமும் வந்து கிடந்தன. ஏழு வருஷத்தில் முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில், இடது கொஞ்சம் முன்னால், வலது கொஞ்சம் கோணலாக. தெரு கூடிவிட்டது. காத்தமுத்து கீழே குந்தி, லாரிக்காரர்கள் கொண்டுவரும் டயரைத் தடவிப் பார்ப்பது போலத் தடத்துக்குள் விரலை விட்டு மெல்லத் தடவினான். குதிகால் பக்கம் எப்போதும் ஆழமாக இருக்கும், சுமை தூக்கி நடந்தவளின் அடி அது. இப்போது முன்னும் பின்னும் ஒரே மட்டமாக, லேசாக இருந்தது. நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தான்.

“இதுல ஆள் இல்ல தவமணி. செருப்பு மட்டும்தான் இருக்கு.”

“என்ன சொல்றீங்க?”

“கழட்டி விட்டுட்டு உள்ள வந்திருக்கு.”

தவமணி திரும்பித் திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். உள்ளே புது வெள்ளையடித்த கூடம், பாயில் தேன்மொழி ஒரு காலை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தது, வேறு யாரும் இல்லை. படியேறி உள்ளே போனாள். ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு கூடத்து நடுவில் வைத்தாள். வீட்டுக்கு வந்தவர்களைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“வா மாதம்மா. உக்காரு. ரொம்ப தூரம் நடந்து வந்திருக்க.”

பிள்ளை எழுந்தது, பல் விளக்கியது, பள்ளிக்கூடம் போனது, சாயங்காலம் திரும்பி வந்தது. அடுத்த நாளும் வந்தது. தவமணி பையை அவிழ்க்கவில்லை. வந்தவர்கள் கிளம்புவதற்கு முன் செருப்பைத் தெருப்பக்கம் திருப்பித்தான் மாட்டுவார்கள். அப்படி அந்தத் தடம் திரும்புகிற காலையில், பிள்ளையும் கூடக் கிளம்பிவிடும் என்று ஒரு மாதம் முழுக்கக் காத்திருந்தாள்.

ஆனி அமாவாசையன்று கருக்கலில் போய்ப் பார்த்தாள். இரண்டு செருப்பும் வீட்டைப் பார்த்தபடியே கிடந்தன. பக்கத்தில் தேன்மொழியின் பள்ளிக்கூடச் செருப்பு, அதற்குப் பக்கத்தில் தன்னுடையது. தவமணி உள்ளே வந்து துணிப்பையின் முடிச்சை அவிழ்த்து, பாவாடை சட்டையை அலமாரியில் அடுக்கினாள். மத்தியானம் கூடத்தில் நான்கு இலை போட்டாள்.